ஓரத்தில் வைத்த மஞ்சள்

உ
முருகன் துணை

வல்லக்கோட்டை,
18-10-2015, ஞாயிறு.

அன்பு மகள் இசக்கிசெல்விக்கு அம்மா எழுதுவது. என் உடம்புக்கு ஒன்றுமில்லை, சர்க்கரை கூடவும் இல்லை குறையவும் இல்லை, முழங்கால் வலி தன் பாட்டுக்கு இருக்கிறது. அங்கே நொய்டாவில் நீ காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கு ஏற்றும்போதெல்லாம் வல்லக்கோட்டையானிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வாரத்துக்கு மூன்று நாள் போனில் பேசுகிறோமே, இவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நாலு தடவை சொல்லப் பார்த்தேன் செல்வி. சொல்லும்மா, ஷிப்டுக்கு நேரமாச்சு என்பாய், நானும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். எட்டாம் வகுப்போடு நின்ற கை, எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், எழுத்துக்கூட்டியாவது படி. பாதியில் ஆத்திரம் வந்தாலும் கிழித்துப் போடாமல் கடைசி வரைக்கும் படி. நேரில் சொன்னால் உன் முகம் மாறுவதை நான் பார்க்க வேண்டும், கடிதம் என்றால் பார்க்க வேண்டாம், அந்தக் கோழைத்தனமும் இதில் இருக்கிறது, மறைக்கவில்லை.

இங்கே விசேஷம் என்று சொல்ல ஒன்றுமில்லை. நீ வேலை பார்த்த போன் கம்பெனி மூடி வருஷம் ஒன்றாகப் போகிறது, கோவிந்தம்மா வீட்டில் மாடியில் இருந்த நாலு ரூமில் மூன்று பூட்டிக் கிடக்கிறது. முன்பு ஷிப்டு விட்டு வரும் பெண்கள் குளிப்பதற்கு வரிசையில் நின்று சண்டை போடுவீர்களே, இப்போது குழாயில் சொட்டும் தண்ணீர் கீழே எனக்குக் கேட்கிறது. கோவிந்தம்மா வாசலில் வீடு வாடகைக்கு என்று எழுதின அட்டையைக் கட்டி, அது மழையில் நனைந்து எழுத்து அழிந்து, மறுபடி எழுதிக் கட்டினாள். கார் கம்பெனிப் பையன்கள் வந்து பார்க்கிறார்கள், ஆம்பிளைகளுக்கு விடமாட்டேன் என்று வீம்பு பிடிக்கிறாள். நான் பக்கத்துத் தெரு டெய்லரிடம் ஜாக்கெட்டுகளை வாங்கி வந்து ஹூக்கு தைத்துக் கொடுக்கிறேன், கண் இன்னும் நன்றாகத் தெரிகிறது, அதனால் என்னைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். உன்னைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அந்த ஊர்க் குளிர் கார்த்திகையில் ஆரம்பித்துவிடும் என்று டிவியில் சொன்னார்கள். காதை மூடாமல் பஸ்ஸுக்கு நிற்காதே. சப்பாத்தியையே தின்றுகொண்டு இருக்காமல் ரூமில் ஒரு வேளையாவது சோறு பொங்கிச் சாப்பிடு. புதுக் கம்பெனியில் யாராவது இங்கிலீஷில் தாளை நீட்டினால் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே, பழைய கம்பெனி கணக்கு முடித்தபோது போட்டதே போதும்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்கப் போய்த்தான் போன மாதம் நீ ஒன்று சொன்னாய். தனியாகவா பொங்கித் தின்கிறாய், பக்கத்து ரூமில் மதுரைப் பெண்கள் இருக்கிறார்கள் என்றாயே, சேர்ந்து பொங்கக் கூடாதா என்று கேட்டேன். அதற்கு நீ, “இனிமே நான் யாரையும் பக்கத்துல சேக்க மாட்டேம்மா. செல்வலட்சுமி ஒருத்தியக் கண்டது போதும்” என்றாய். சாதாரணமாகத்தான் சொன்னாய், குரல்கூட உயரவில்லை. ஒரு பிள்ளை ஊர் தெரியாத ஊரில் ஒரு வாய் சோற்றைக்கூட யாரோடும் பகிராமல் தின்கிறது, அதற்குக் காரணம் செல்வலட்சுமி இல்லை, நான். இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். சொல்லிவிட்டேன். இனி எப்படி என்று சொல்கிறேன், அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

கம்பெனி கணக்கு முடித்து அனுப்பினதும் நீயும் செல்வலட்சுமியும் இனி அடுத்தவனுக்கு லைனில் நிற்க மாட்டோம், கம்ப்யூட்டரில் கடை போடுவோம் என்று கிளம்பினீர்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கடை என்றால் கதவு வேண்டாமா, கல்லாப்பெட்டி வேண்டாமா என்று கேட்டு நீங்கள் இருவரும் என்னைக் கேலி பண்ணினீர்கள். செவ்வாய்க்கிழமையானால் சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலேறி வண்ணாரப்பேட்டைக்குப் போய் மூட்டையாகச் சுடிதார் டாப்பு எடுத்து வருவீர்கள். மொட்டைமாடியில் வெள்ளைப் போர்வையைக் கட்டி செல்வலட்சுமிக்கு ஒவ்வொரு மாதிரியிலும் ஒன்றை உடுத்திவிட்டு நீ போட்டோ எடுப்பாய். அவள் சிரிக்காமல் நிற்க மாட்டாள், நீ அதட்டுவாய், கீழே நான் அரிசி களைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். உடுத்திப் பார்த்த உருப்படிகளை அவள்தான் கவனமாகத் தனிப் பையில் போட்டு, அதன் மேல் ‘சாம்பிள்’ என்று எழுதி வைத்தாள். அவை விற்பனைக்கில்லை, அதை அவள் ஒரு தடவைகூட மீறினது கிடையாது. என் வேலை மடிப்பது, கவரில் போடுவது, டேப் ஒட்டுவது. மடிப்பில் எங்கம்மாவை அடிச்சுக்க ஆளில்லை என்று நீ சொல்வாய். உன் அப்பா போய் ஐந்து வருஷத்தில் நான் எதற்காவது ஆவேன் என்று தோன்றியது அந்த நாலைந்து மாதம்தான்.

முதல் ஆர்டர் நாசிக் என்ற ஊரிலிருந்து வந்தது, பச்சைப் பருத்தி டாப்பு, ஞாபகம் இருக்கிறதா. நீ கேசரி கிண்டச் சொன்னாய். நான் கிண்டினேன், ஆனால் அதை வாயில் வைக்க எனக்கு முடியவில்லை. அந்த நாசிக்காரி யார், கல்யாணம் ஆனவளா ஆகாதவளா, எந்த நல்ல நாளுக்கு அதை உடுத்தப் போகிறாளோ, அந்தப் புதுத் துணியைத் தாலி அறுத்தவள் ஒருத்தி மடித்துக் கொடுக்கிறாளே என்று நினைப்பு வந்துவிட்டது. நீ இதற்குச் சிரிப்பாய். உன் மாமா மகள் சடங்குக்கு நான் ஆசையாக எடுத்துப் போன பாவாடை தாவணியை உன் அத்தை சிரித்த முகத்தோடு வாங்கி, யாரும் பார்க்காதபோது பீரோவுக்கு அடியில் தள்ளிவிட்டாளே, அதை நான் பார்த்தேன் செல்வி. உன்னிடம் சொல்லவில்லை. அன்றையிலிருந்து யாருக்கும் புதுத் துணி எடுத்துக் கொடுக்க எனக்குப் பயம். உனக்கு எடுத்துக் கொடுத்ததைக்கூட முருகன் காலடியில் வைத்து வாங்கித்தான் தந்தேன், முன்பு வைத்த மாதிரி ஓரத்தில் மஞ்சள் வைத்ததில்லை. நீயும் கேட்டதில்லை. நாளுக்கு இருபது பார்சலை யார் கோவிலுக்குத் தூக்கிக்கொண்டு போவது.

அதனால் கோவிந்தம்மாவிடம் சொன்னேன். அவள் புருஷனோடு நிறைவாக இருக்கிறவள், காலையில் மஞ்சள் பூசிக் குளிக்கிறவள். நீ லேபிள் பிரிண்ட் எடுக்க மாத்தூர் ஜெராக்ஸ் சென்டருக்குப் போவாய், செல்வலட்சுமி குளிக்கப் போவாள், அந்த அரைமணி நேரத்தில் அவள் கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வருவாள். நான் டாப்பின் உள்பக்கத்து ஓரத்தைத் தூக்கிப் பிடிப்பேன், அவள் விரல் நுனியால் ஒரு பொட்டு வைப்பாள். செல்விக்குத் தெரிய வேண்டாம், படித்த பிள்ளை, அம்மா இதையெல்லாமா நம்புகிறாள் என்று வருத்தப்படுவாள் என்று நான்தான் சொன்னேன். “துணி எடுக்கிற பொண்ணு எங்க கீதோ, நல்லா இருக்கட்டும்னுதானே வெக்கிறோம், இதுல இன்னா கீது” என்றாள் கோவிந்தம்மா. அவள்மேல் குற்றம் ஒன்றும் சொல்லிவிடாதே, கூப்பிட்டதற்கு வந்தாள். வெயில் நாளில் அந்தப் பொட்டு காய்ந்து உதிர்ந்து போயிருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. ஐப்பசி கார்த்திகை மழையில் அது எங்கே காய்கிறது. கொரியர்காரன் பதினோரு மணிக்கு வந்து ஹாரன் அடிப்பான், ஈரத்தோடு கவருக்குள் போட்டு டேப் ஒட்டிவிடுவேன். உள்ளே புழுங்கி, கடுகளவு வைத்தது ஐந்தாறு நாள் பயணத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பரவியிருக்கிறது. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் புரிந்தது.

திரும்பி வர ஆரம்பித்தபோது நீ பழசு என்று போட்டுத் திருப்பறாங்கம்மா, கறை இருக்காம் என்றாய். ரிட்டர்ன் மூட்டையைப் பிரிக்கக்கூட உனக்கு மனசில்லாமல் கட்டிலுக்கு அடியில் தள்ளினாய். எனக்கு எங்கே போயிற்று என் புத்தி. பழசு என்று சொன்னது என் காதில் வேறு மாதிரி விழுந்தது. என் கை பட்டதால்தான் திரும்புகிறது, ஆகாதவள் மடித்த துணி ஆகாமல்தான் போகும் என்று நானே தீர்மானம் பண்ணிக்கொண்டேன். கோவிந்தம்மாவிடம் போய், கடுகளவு போதவில்லை, கொஞ்சம் பெரிசாக, இரண்டு ஓரத்திலும் வை என்றேன். அவளும் வைத்தாள். மார்கழியில் திரும்பி வந்ததெல்லாம் அந்தப் பெரிய பொட்டுத் துணிகள்தான் செல்வி. நீ இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பாய், செல்வலட்சுமி போனில் தெரியாத இந்தியில் யாருக்கோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பாள், நான் அடுப்படியில் நின்று இன்னும் இரண்டு பொட்டு கூட வைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டிருப்பேன். இதை எழுதும்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

தை பிறந்து நாலாம் நாள் அந்த வெள்ளை டாப்பு வந்தது. யாரோ ஒரு பெண் கறையைப் பார்த்துவிட்டு சோப்புப் போட்டுத் தேய்த்திருக்கிறாள். மஞ்சள் கறையில் சோப்புப் பட்டால் என்ன ஆகும் என்று துணி துவைக்கிற எந்தப் பெண்ணையும் கேட்டுப் பார், ரத்தம் மாதிரி சிவந்துவிடும். நீ பதினெட்டு வயதில் ஹாஸ்டலுக்குப் போனவள், லைனில் யூனிபார்ம் போட்டே வளர்ந்தவள், உனக்குத் தெரிய நியாயமில்லை. அந்தப் பெண் அதைப் போட்டோ எடுத்து, ரத்தக் கறை படிந்த துணியை அனுப்பியிருக்கிறார்கள் என்று ஊர் உலகம் பார்க்க எழுதிவிட்டாள். நீ அதைப் படித்தாய். அன்றைக்குத் துணியைக் கூடத்தில் விரித்துப் போட்டு, சாப்பிட்டுக்கொண்டிருந்த செல்வலட்சுமியை எழுப்பி நிறுத்தினாய். “ஏட்டி, விக்கப்போற துணிய உடுத்திட்டுத் திரிஞ்சிருக்கியே, அதுவும் அந்த நாள்ல. ஒனக்கு வெக்கமா இல்ல?” என்றாய். அவள் சோற்றுக் கையோடு நின்றாள். கறையைப் பார்த்தாள், உன்னைப் பார்த்தாள். “ஏழு வருசம் ஒரே பாய்ல படுத்திருக்கோம். இத நீயா சொல்லுதே?” என்றாள். அதற்கு மேல் நீதான் பேசினாய், பழைய கதை எல்லாம் எடுத்து, அவளுடைய அம்மா வரைக்கும் இழுத்துப் பேசினாய்.

நான் அங்கே இருந்தேன். தூணோரம் நின்றிருந்தேன், கையில் ரசக் கரண்டி. அந்தச் சிவப்பைப் பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. இது மஞ்சள், சோப்புப் பட்ட மஞ்சள், நான் வைக்கச் சொன்னது என்று ஒரே மூச்சில் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. எதற்குப் பயந்தேன் என்று எத்தனையோ நாள் யோசித்துவிட்டேன். நீ திட்டுவாய் என்று இல்லை. உன் பிழைப்பைக் கெடுத்தது உன் அம்மாவின் கை என்று உனக்குத் தெரிந்தால், நீயும் உன் அத்தையைப் போல என் கையைப் பார்ப்பாயோ என்று பயந்தேன். செல்வலட்சுமி உள்ளே போய்க் கையைக் கழுவிவிட்டுப் பையை எடுத்தாள். வாசலில் என்னைப் பார்த்து, வாரேம்மா என்றாள். நாலு வருஷம் என் கையால் தின்றவள், எனக்குக் காய்ச்சல் வந்தபோது லீவு போட்டுக் கஞ்சி வைத்தவள். நான் சரி என்று தலையை ஆட்டினேன். தலையை ஆட்டினேன் செல்வி, அதுதான் நான் செய்தது.

அதோடு விட்டேனா. நீ அழுதுகொண்டே படுத்ததும் அந்த டாப்பை எடுத்து, தண்ணீரில் அலசி, மாடியில் கொண்டுபோய் விரித்தேன். மஞ்சள் வெயிலுக்கு நிற்காது. இரண்டு நாள் வெயிலில் கறை இருந்த இடம் தெரியவில்லை. கட்டிலுக்கு அடியில் இருந்ததையும் ஒவ்வொன்றாக அப்படியே செய்தேன். நீ அதைத் துவைத்து வைத்த துணி என்று நினைத்து, எதுக்கும்மா கஷ்டப்படுறே என்றாய். கஷ்டப்படவில்லை, செல்வலட்சுமி மேல் குற்றமில்லை என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சியை வெயிலில் காயப்போட்டு அழித்துக்கொண்டிருந்தேன். மாசி கடைசியில் ரிட்டர்ன் அதிகம் என்று சொல்லி ஆன்லைன்காரர்கள் உன் கடையைக் கம்ப்யூட்டரிலேயே பூட்டிவிட்டார்கள். ஒரு வரி மெயில் வந்தது, அதை நீ எனக்குப் படித்துக்கூடக் காட்டவில்லை. சித்திரையில் நொய்டாவுக்குப் பெட்டியைக் கட்டினாய், அன்றைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. எப்படியும் கடை போய்விட்டது, இனிச் சொல்லி என்ன என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் போனது கடை மட்டுமா. நீ கோபத்தில் பழைய லைன் பெண்கள் இரண்டு பேரிடம் சொன்னாய், அவர்கள் நாலு பேரிடம் சொன்னார்கள். ஒரகடம் பக்கம் புதுசாக வந்த கம்பெனிக்கு உங்கள் லைனிலிருந்து ஒன்பது பேர் ஒருத்தியை ஒருத்தி சொல்லிச் சேர்த்துவிட்டுப் போனார்களே, செல்வலட்சுமியை யாரும் கூப்பிடவில்லை. எந்த ஹாஸ்டலிலும் அவளோடு அலமாரி பங்கு போட ஆள் இல்லையாம். இது கோவிந்தம்மா காதுக்கு வந்து என் காதுக்கு வந்தது. போன் பலகையில் முடி போன்ற ஒயரைக் கண்ணால் பார்த்தே குறை கண்டுபிடிக்கிறவள் என்று நீயே பெருமையாகச் சொல்வாய். அவள் இப்போது ஏதோ ஒரு கேன்டீனில் வெங்காயம் நறுக்குகிறாள்.

நேற்று அவளைப் பார்த்தேன். உனக்குத் தீபாவளித் துணி எடுக்கக் கிளம்பி, ஒரகடம் கூட்ரோட்டில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றிருந்தேன். கேன்டீன் கோட்டும் தலையில் வலைத் தொப்பியுமாக அவள் ரோட்டைக் கடந்து வந்தாள். நான் முகத்தை மறைக்கப் பார்த்தேன், அவள் நேரே என்னிடம் வந்துவிட்டாள். நல்லா இருக்கியளாம்மா, முழங்காலுக்குத் தைலம் போடுதியளா என்று கேட்டாள். அப்புறம், செல்விக்கு அங்க குளிரு ஒத்துக்கிடுதா என்றாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அந்த வண்டி இரைச்சலில், இருபது பேர் நிற்கும் இடத்தில், கோவிந்தம்மா வைத்த பொட்டு முதல் வெயிலில் உலர்த்தினது வரை எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் காலைத் தொடக் குனிந்தேன், அவள் பின்னால் நகர்ந்துகொண்டாள். அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். தலையிலிருந்த வலைத் தொப்பியைக் கழற்றிக் கோட்டுப் பையில் வைத்தாள். பிறகு, “எங்கிட்ட சொல்லி என்ன செய்ய? அவகிட்ட சொல்லுங்க” என்றாள். ஆட்டோ வந்தது, உள்ளே நாலு பேருக்கு நடுவில் நெருக்கி உட்கார்ந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, ஹூக்கு வேலை இல்லை, காலையிலிருந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மன்னித்துவிடு என்று எழுதக் கை வரவில்லை, அதைக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. உன் ஏழு வருஷ உழைப்பை அதில் போட்டாய். அந்தக் கடை உனக்குத் திரும்பக் கிடைக்காது, எனக்குத் தெரியும். இனி மூன்று பேரும் ஒரே தட்டில் கேசரி தின்பது நடக்கும் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை. ராத்திரி படுத்தால் சோற்றுக் கையோடு அவள் நின்ற நிலைதான் வருகிறது. உன் அப்பா இருந்திருந்தால் அன்றைக்கே என் தலையில் குட்டி உண்மையைச் சொல்ல வைத்திருப்பார், அவரும் இல்லை. இத்தனை வருஷம் என் கை ஆகாத கை, அதனால் யாருக்கும் கெடுதல் வந்துவிடக் கூடாது என்று பயந்தேன். என்னால் வந்த கெடுதல் கையால் வந்ததில்லை, வாயைத் திறக்காததால் வந்தது. உன்னிடம் எனக்கு ஒன்றே ஒன்று வேண்டும். என்னோடு பேசாவிட்டாலும் போகிறது, செல்வலட்சுமிக்கு ஒரு போன் போடு. பழைய நம்பர்தான் வைத்திருக்கிறாள் என்று நினைக்கிறேன், கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவள் எடுக்காவிட்டால் மறுநாளும் போடு. யாரிடமெல்லாம் அவளைப் பற்றிச் சொன்னாயோ அவர்களிடம், அது எங்கம்மா வைத்த மஞ்சள் என்று என் பெயரைச் சொல்லியே சொல். எனக்கு அதில் வெட்கம் இல்லை. பக்கத்து ரூம் மதுரைப் பிள்ளைகளோடு சேர்ந்து சாப்பிடு. உலகத்தில் எல்லோரும் ஏமாற்றுகிறவர்கள் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய், உன்னை ஏமாற்றினது ஒருத்திதான், அவள் இதோ கையெழுத்துப் போடப் போகிறாள்.

தலைக்கு எண்ணெய் வைக்க மறக்காதே, குளிர் ஊரில் மண்டை காய்ந்து போகும். கம்பளி வாங்கும்போது விலையைப் பார்த்துப் பின்வாங்காதே. நல்ல துணை கிடைத்து, மனசு குளிர நீ நூறு வயது வாழ வேண்டும், நான் சொல்லிப் பலிக்குமோ என்னவோ, முருகன் சொன்னதாக எடுத்துக்கொள். இந்தக் கடிதத்தை உன் தீபாவளிச் சுடிதாரோடு ஒரே பார்சலில் வைத்திருக்கிறேன். மயில்கழுத்து நிறம், கை நீளம், அளவு பழைய அளவுதான், நீ இளைத்திருந்தால் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள். இந்தத் தடவை கோவிலுக்குக் கொண்டு போகவில்லை, கோவிந்தம்மாவையும் கூப்பிடவில்லை. ஐந்து வருஷத்துக்குப் பிறகு நானே மஞ்சள் குழைத்து நானே வைத்தேன். உள்மடிப்பில் கடுகளவுதான், நன்றாகக் காயவிட்டுத்தான் மடித்தேன். முதல் தடவை சோப்புப் போடாமல் வெறும் தண்ணீரில் அலசு. உடுத்த மனசு வரவில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடு செல்வி. காரணம் எதுவும் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அம்மா
அ. சொர்ணம்மாள்